ஒரு 'எஸ்' படுத்திய பாடு

கேள்வி: கிரவுட், மாப் இரண்டுக்கும் அகராதியில் 'கூட்டம்' என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது?
(இதழியல் மாணவி, மதுரை)

பதில்: சித்திரைத் தேர் பார்க்க முண்டியடிப்பது கிரவுட். அதே ஆட்கள் கடைக் கண்ணாடியை உடைக்கக் கிளம்பினால் மாப். நிலையில்லாத சனம் என்ற பொருளில் 'மோபிலே வல்குஸ்' என்று லத்தீனில் ஒரு தொடர் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர்கள் அதன் தலையை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டார்கள். கலிவரைப் படைத்த ஜொனாதன் ஸ்விஃப்டுக்கு இந்தச் சுருக்கம் அறவே ஆகாது. 1710இல் 'டாட்லர்' இதழில் எதிர்த்து எழுதினார். எழுத்தாளர் ஒருவர், எதிரே கூட்டம். யார் ஜெயிப்பார்கள்?

நிருபராகப் போகிறவர் நீங்கள். குடிதண்ணீர் கேட்டுக் காலிக்குடத்தோடு சாலையில் உட்காரும் பெண்களை மாப் என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லே தடியடிக்கு நியாயம் கற்பித்துவிடும்.

கேள்வி: ஆடியன்ஸ், ஸ்பெக்டேட்டர்ஸ்?
(ஒரு வாசகர், கரூர்)

பதில்: முன்னது காதில் பிறந்த சொல், பின்னது கண்ணில். கச்சேரிக்கு ஆடியன்ஸ், சேப்பாக்கத்துக்கு ஸ்பெக்டேட்டர்ஸ். சினிமாவில் மட்டும் காது ஜெயித்துவிட்டது.

கேள்வி: பீப்பிள் என்பதே பன்மைதானே? 'பீப்பிள்ஸ்' என்று எழுதிய என் மகனுக்கு டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.
(ஒரு தந்தை, வேலூர்)

பதில்: 'நாலு பேர்' என்ற பொருளில் எழுதியிருந்தால் டீச்சர் செய்தது சரி. ஆனால் தனக்கென மண்ணும் மொழியும் உள்ள ஒரு சமூகத்தைச் சொல்லும்போது பீப்பிள் ஒருமை. பல சமூகங்கள் என்றால் பீப்பிள்ஸ். 1945இன் ஐ.நா. சாசனமே அந்தப் பன்மையில்தான் தொடங்குகிறது.

இந்த 'எஸ்' எழுத்துக்காகப் பூர்வகுடிகள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். 1966இன் இரண்டு சர்வதேச உரிமை உடன்படிக்கைகளும் சுயநிர்ணய உரிமையைப் 'பீப்பிள்ஸ்' எல்லோருக்கும் கொடுத்துவிட்டன. அதனால் அரசுகளுக்கு அந்த எழுத்தைக் கண்டாலே கிலி. அதற்கு முன்பே, 1957இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த ஒப்பந்தம் பூர்வகுடிகளைப் 'பாப்புலேஷன்ஸ்' என்றது. தலை எண்ணுகிற சொல் அது. 1989இல் புது ஒப்பந்தம் 'பீப்பிள்ஸ்' என்றது. கையோடு, இந்தச் சொல்லை வைத்துச் சர்வதேசச் சட்டத்தில் உரிமை கோரிவிட முடியாது என்று ஓர் உட்பிரிவையும் சேர்த்தது. 1993ஐ உலகப் பூர்வகுடிகள் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது 'எஸ்' மறுபடி காணாமல் போயிற்று!

2007 செப்டம்பர் 13 அன்று பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. தலைப்பிலேயே 'எஸ்'. ஆதரவு 144, எதிர்ப்பு 4: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்குமே குடியேறியவர்கள் பூர்வகுடிகளின் மண்ணில் எழுப்பிய நாடுகள். பிறகு நான்கும் இறங்கிவந்தன. மகனிடம் இதைச் சொல்லுங்கள், டீச்சரிடமும்.

கேள்வி: மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தவன் நான். சிட்டிசன் இல்லை. அரசியலமைப்பில் எனக்கு இடமே கிடையாதா?
(ஓர் இளைஞர், மண்டபம்)

பதில்: உண்டு தம்பி. பேச்சுரிமை, நாடெங்கும் நடமாடும் உரிமை தரும் 19ஆவது பிரிவு 'சிட்டிசன்' என்கிறது. சட்டத்தின் முன் சமம் என்னும் 14, உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21 இரண்டிலும் உள்ள சொல் 'பர்சன்'. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளை விரட்டப் பார்த்தபோது, 1996இல் உச்ச நீதிமன்றம் 21ஐக் காட்டித்தான் அவர்களைக் காத்தது. மனு எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் மறக்காமல் போடுங்கள்.