மைனஸ் ஒன்று வாங்கிய பையன்

இருபத்து மூன்று வயதில், யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காதவன் என்று பெயர் எடுத்தவனுக்கு எங்கள் சிதம்பரம் பக்கத்தில் பெண் கொடுப்பார்கள். கிரெடிட் கார்டு கொடுக்க மாட்டார்கள். என் அக்கா பையன் விஷயத்தில் இரண்டாவது நிரூபணமாகிவிட்டது. முதலாவதை நிரூபிக்க அக்கா இப்போதுதான் ஜாதகத்தை வெளியே எடுத்திருக்கிறாள்.

பையன் கடலூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். விடிகாலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, புதுச்சத்திரம் வரை தூங்கி, ஆலப்பாக்கத்தில் விழித்து, மஞ்சக்குப்பத்தில் இறங்குகிற வாழ்க்கை. அவனுக்கு ஒரு போன் மேல் ஆசை. பண்டிகைக்காலத் தள்ளுபடியில் கார்டு வைத்திருப்பவனுக்குப் பத்து சதவீதம் குறைவு. கையில் காசு வைத்திருப்பவனுக்கு முழு விலை. பணம் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதனால் கார்டுக்கு விண்ணப்பித்தான்.

படிவத்தின் முதல் கட்டத்திலேயே தமிழன் மாட்டிக்கொள்வான். குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? இருப்பது ஓர் இனிஷியல். அதை விரித்து அப்பா பெயரைப் போட்டால்தான் கட்டம் பச்சையாகிறது. மறுநாளிலிருந்து வங்கிக்காரர்கள் அவனுக்குப் போன் செய்து அவன் அப்பாவைத் தேட ஆரம்பித்தார்கள்.

அடுத்தது பின்கோடு. 608001 என்று போட்டதும் ஒரு வங்கியின் ஆப், இந்தப் பகுதிக்குச் சேவை இல்லை என்று கைவிரித்தது. உலகத்தின் மையம் தில்லை என்று நம்புகிற ஊர் இது. அந்தச் செய்தியை நாங்கள் வெளியே சொல்லவில்லை.

மூன்றாவது, வருமானம். சம்பளம் 22,000. அதில் 12,000 அக்கவுண்டுக்கு வரும், மீதி கவரில் வரும். கடலூரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். கவரில் வருகிற பணத்தால் போன் வாங்கலாம், பொண்ணு பார்க்கப் போகலாம், கோயில் உண்டியலில்கூடப் போடலாம். வங்கிக்கு மட்டும் அது பணமே இல்லை. வங்கி பார்ப்பது சம்பளச் சீட்டு, ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு. ஆக, தாளில் பையன் பன்னிரண்டாயிரத்துக்காரன். பெரும்பாலான வங்கிகளின் கீழ்ப்படிக்கட்டே பதினைந்துக்கு மேல்தான் இருக்கிறது.

கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: வங்கியின் உள் கொள்கைப்படி விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே கார்டு கொடுப்பவர்களுக்கு உத்தரவு போட்டுவிட்டது. 'உள் கொள்கை' என்பது காரணம் என்றால், 'உடம்பு சரியில்லை' என்பது லீவ் லெட்டருக்கு மட்டுமல்ல, மருத்துவச் சான்றிதழுக்கும் போதும்.

பையன் சளைக்கவில்லை. நாலைந்து வங்கிகளில் ஒரே வாரத்தில் போட்டான். அதுதான் கூடாதாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி அவன் கடன் அறிக்கையை வாங்கிப் பார்க்கும். பார்த்தது அந்த அறிக்கையிலேயே பதிவாகும். அடுத்த வங்கி அதையும் படிக்கும். பெண் பார்த்துவிட்டு வந்த வீடுகளின் பட்டியலை அடுத்த பெண் வீட்டார் கையில் வைத்துக்கொண்டு காபி கொடுப்பது மாதிரி.

இந்த இடத்தில் வெளியூர் எழுத்தாளர்களாக இருந்தால் 'சிதம்பர ரகசியம்' என்று ஆரம்பித்திருப்பார்கள். நாங்கள் உள்ளூர்க்காரர்கள், அந்த வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்போம். இதில் ரகசியமே இல்லை. 2000-ல் தொடங்கிய சிபிலோடு சேர்த்து நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள், அதாவது கிரெடிட் பீரோக்கள், இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. 750 இருந்தால் வங்கி எழுந்து நின்று வணக்கம் சொல்லும்.

பையன் எடுத்துப் பார்த்தான். மைனஸ் ஒன்று.

"மைனஸா? பத்தாவதுல கணக்குல தொண்ணூத்திரெண்டு எடுத்தவன்டா!" என்றாள் அக்கா. அவளுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு காபி தேவைப்பட்டது. 300 வாங்கக்கூட ஒரு தகுதி வேண்டும். எங்கேயாவது கடன் வாங்கி, அதை ஒழுங்காகக் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். அந்த அனுபவமும் இல்லாதவனுக்கு மைனஸ் ஒன்று. அந்த அறிக்கையில் சம்பளம் இருக்காது, சேமிப்பு இருக்காது, நல்ல பையன் என்று தெரு கொடுக்கும் நற்சான்றும் இருக்காது. வாங்கிய கடன், கட்டிய தேதி, தவறிய தேதி, அவ்வளவுதான்.

கீழ வீதியில் நாங்கள் சாமான் வாங்குகிற மளிகைக் கடை அண்ணாச்சியிடம் ஒரு நீள நோட்டு உண்டு. எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கடன் வரலாறு அதில் இருக்கிறது. எந்த மாதம் இழுக்கும், எந்தக் கல்யாணத்தால் இழுத்தது, யார் கேட்டால் கொடுக்கலாம், யார் கேட்டால் துவரம்பருப்பு தீர்ந்துவிட்டதென்று சொல்ல வேண்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். வருமானமும் வரலாறும் ஒரே தலைக்குள். பையன் பேரில் இன்றைக்கும் இரண்டாயிரத்துக்குச் சாமான் கொடுப்பார். ஆனால் அண்ணாச்சியைப் பெரிய மனுஷராக்கிவிட வேண்டாம். பாக்கி விழுந்தால் நாலு பேர் நிற்கும்போது சத்தமாகக் கேட்பார். அந்த வகையில் பீரோக்காரர்கள் நாகரிகமானவர்கள், அவமானத்தை எண்ணாக்கிப் பாஸ்வேர்டு போட்டு அனுப்புகிறார்கள்.

பையனுடையதைப் பார்த்து முடித்ததும் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அக்காவுடையதையும் எடுத்துப் பார்த்தோம். 770! அவள் வாழ்க்கையில் வங்கி வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவள். ஆனால் மகளிர் குழுவில் மைக்ரோஃபைனான்ஸ் கடன் வாங்கி, ஒரு தவணை தவறாமல் கட்டியிருக்கிறாள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள் என்ற பயம்தான். அந்தத் தவணைகளெல்லாம் பீரோவுக்குப் போயிருக்கின்றன. நகைக் கடனும் அப்படித்தான். பையனைப் படிக்கவைக்க அவள் அடகு வைத்த வளையல் அவளுக்கு வரலாறாகிவிட்டது. படித்தவனுக்குப் பட்டம் மட்டும்.

அக்காவுக்கு மதிப்பெண் இருக்கிறது, வருமானத்துக்குத் தாள் இல்லை. பையனுக்குப் பாதித் தாள் இருக்கிறது, மதிப்பெண் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்தால் வங்கி கேட்கிற ஒரு முழு வாடிக்கையாளர் கிடைப்பார்.

அத்தான் கதை தனி. அவர் கடன் வாங்கியதே இல்லை, ஜாமீன் மட்டும் போட்டார். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்த நண்பருக்கு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, நண்பரும் சாய்ந்தார். ஜாமீன் போட்டவர் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும் என்று கையெழுத்துப் போடும்போது அத்தானுக்கு யாரும் சொல்லவில்லை. வானிலை ஆய்வு மையம் அந்தப் புயலை என்றைக்கோ மூடிவிட்டது. அத்தான் மதிப்பெண்ணில் அது இன்னும் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது.

வங்கிகளையும் முழுக்கத் திட்டமுடியாது. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டுக் கடன்களுக்கான ஆபத்து எடையை 125 சதவீதத்திலிருந்து 150-க்கு உயர்த்தியது. அதாவது, ஒவ்வொரு கார்டுக்கும் வங்கி தன் சொந்த மூலதனத்தைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும். அப்புறம் அவர்கள் ஏன் முன்பின் தெரியாத பையனைத் தேடி வருவார்கள்? அமெரிக்காவில் ஒரு காலத்தில் கல்லூரி வாசலில் மேசை போட்டு, டீ-ஷர்ட் கொடுத்துக் கார்டு விற்றார்கள். 2009-ல் சட்டம் கொண்டுவந்து, இருபத்தொன்று ஆகாதவன் சொந்த வருமானத்தைக் காட்டு, இல்லை கூடக் கையெழுத்துப் போட ஆளைக் கொண்டுவா என்று நிறுத்தினார்கள். நம் நாட்டில், வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் திருப்பக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லியிருப்பதாக 2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உள் கொள்கை உள்ளேயே இருக்கிறது.

கடைசியில் வழி சொன்னது, கடலூரில் பையனோடு வேலை பார்க்கும் ஒருவன். டெபாசிட் கார்டு. இருபதாயிரத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பதினெட்டாயிரத்துக்குக் கார்டு தருவார்கள். சம்பளச் சீட்டும் வேண்டாம், வரலாறும் வேண்டாம். "நம்ம பணத்த நமக்கே கடனா தராங்களா மாமா?" என்றான். "ஆமாம், பத்து சதவீதம் நம்பாமல்" என்றேன்.

இந்த லிமிட் விவகாரத்தில் கடலூருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியது. சுற்றியுள்ள நிலம் எவ்வளவு தூரம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம். அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். பீரங்கியும் அவர்களுடையது, சுடுகிறவனும் அவர்கள் ஆள். இருப்பதிலேயே தூரமாய் அடிக்கிற பீரங்கியைக் கொண்டுவந்து நாலு பக்கமும் சுட்டுத்தள்ளினார்கள். குண்டு உப்பலவாடி என்று அந்தக் குண்டு விழுந்த கணக்கில் இன்றைக்கும் ஊர் இருக்கிறது. சம்பளச் சீட்டு கேட்கவில்லை, பின்கோடு கேட்கவில்லை, முந்தைய வரலாறு யாராவது விசாரித்திருந்தால் கொடுத்தே இருக்க மாட்டார்கள். அதே மண்ணில் வேலை பார்க்கிற பையனுக்குப் பதினெட்டாயிரம்.

கார்டு வந்தது. வட்டி விவரத்தைப் படித்துக்காட்டினேன்: கட்டத் தவறினால் மாதம் மூன்றரை சதவீதம் வரை. மூன்றரை வட்டி! இரண்டு வட்டிக்குக் கொடுக்கிறவரையே எங்கள் தெருவில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பையன் பயந்துபோய், பில் வருவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டு, கட்டியது போய்ச் சேர்ந்ததா என்று வங்கிக்குப் போன் செய்தான். கார்டால் மாதம் ஒரு தடவை பெட்ரோல் போட்டான், அதற்கே அன்றைக்குச் சாயங்காலம் அர்ச்சனை.

ஆறு மாதம் போனதும் எண் வந்தது. எழுநூற்றுச் சொச்சம். அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து ஜாதகத்தோடு வைத்துவிட்டாள். பெண் வீட்டார் கேட்பார்களாம். இந்தக் காலத்தில் கேட்டாலும் கேட்பார்கள்.

அன்றிலிருந்து போன் ஓயவில்லை. உள் கொள்கைக்காரர்களே மறுபடி கூப்பிட்டார்கள். வழக்கம்போல் குடும்பப் பெயரைச் சொல்லி, அப்பாவைக் கேட்டார்கள். பையன் குளித்துக்கொண்டிருந்தான். அத்தான் எடுத்தார். சார், உங்களுக்கு இரண்டு லட்சம் முன்கூட்டியே அனுமதியாகியிருக்கிறது என்றது ஒரு பெண் குரல். தானே புயலுக்குப் பிறகு வங்கியிலிருந்து யாரும் அவரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார். "ஆனா ஒண்ணு, ஜாமீன் மட்டும் போடச் சொல்லிடாதீங்க."