சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க

நின்றுபோன சேவையை மறுபடி எப்படி ஓடவிடுவது என்று சிலாங்கூர் செமினிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2016 செப்டம்பரிலும் அக்டோபரிலும், மறுபடி 2020 அக்டோபரிலும், எவனோ ஆற்றில் கலந்த கழிவின் நாற்றத்தால் செமினி ஆற்றுச் சுத்திகரிப்பு ஆலையை மூடினார்கள். லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினோம். ஆனால் ஒன்று. நாற்றம் போனதா என்று தண்ணீரை மோந்து சோதித்த பிறகுதான் ஆலையைத் திறந்தார்கள். திறந்த பிறகும் பகுதி பகுதியாகத்தான் குழாயில் வந்தது. சுவிட்சைத் தட்டிவிட்டு ‘ஓடுது, போங்க’ என்று யாரும் சொல்லவில்லை.

அந்த மரியாதை நம் அலுவலகங்களில் சர்வருக்குக் கிடையாது.

போன மாதம் ஒரு கவுண்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நீங்களும் அங்கே உட்கார்ந்தவர்தான். “சிஸ்டம் டவுன் அண்ணே. பையன் வீட்டிலேர்ந்து ரீஸ்டார்ட் பண்ணிட்டிருக்கான்” என்றாள் கவுண்டர் தங்கச்சி. ஓடியது. இருபது நிமிடத்தில் படுத்தது. பையன் மறுபடி எழுப்பினான். மறுபடி படுத்தது. “நாளைக்கு வாங்க.”

பையனைக் குறை சொல்லமாட்டேன். சைபர்ஜெயாவில் இருபது வருடம் சர்வர் மேய்த்தவன் நான். அவன் கையில் எதைக் கொடுத்திருப்பார்கள் என்று பார்க்காமலே சொல்வேன். எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட். அதற்குள் பட்டவர்த்தனமாக ரூட் பாஸ்வேர்ட். அந்தக் கோப்பு வாட்ஸ்அப் குழுவில் வலம் வரும். குழுவில் சப்ளையர் இருப்பார், சப்ளையரின் மைத்துனரும் இருப்பார். கோயில் உண்டியல் சாவியை ஆலமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ‘பக்தர்கள் மட்டும் தொடவும்’ என்று எழுதிவைத்த கதை.

ஒழுங்காகச் செய்வது மலையைப் புரட்டும் வேலையா? 1995இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டார்கள் என்பதற்காகவே தாத்து யுலோனன் என்பவர், தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சை எழுதினார். இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ரீஸ்டார்ட் வேலைக்கென்றே ஒரு தனிக் கணக்கு வையுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக்கோப்பு. அனுமதி கொடுக்கும் ‘சூடோ’ கட்டளையில் அந்த ஒரே சேவையை ரீஸ்டார்ட் செய்யும் அனுமதி, அதற்கு மேல் எள்ளளவும் கூடாது. சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘யெஸ்’ தட்டாதீர்கள். எழுப்புவதற்கு முன் கான்ஃபிக் கோப்பில் பிழை உண்டா என்று பாருங்கள். எழுப்பிய பின் சேவை பதில் சொல்கிறதா என்று கேளுங்கள். இரண்டு முறை விழுந்தால் நிறுத்திவிட்டு மனிதனைக் கூப்பிடுங்கள். யார், எப்போது, ஏன் எழுப்பினார் என்று லாகில் எழுதுங்கள். மொத்தம் இருபது வரி தேறாது. டெண்டர் விட முடியாத அளவுக்குச் சின்ன வேலை. அதனால்தான் யாரும் செய்வதில்லையோ என்னவோ!

பெரிய வீட்டுக் கதையும் இதுதான். 2019 ஆகஸ்டில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் நெட்வொர்க் நாள்கணக்கில் படுத்தபோது, விமான நேரங்களை வெள்ளைப் பலகையில் எழுதினார்கள். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது; ஏர் ஏசியா பயணிகளைக் கையால் பதிவு செய்தது. 2025 மார்ச் 23இல் விமான நிலையக் கணினிகளைத் தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். ஐந்து வினாடிகூட யோசிக்காமல் மறுத்ததாகப் பிரதமர் அன்வார் சொன்னார். மறுத்தது சரி, கைதட்டலாம். செயல்பாடுகள் பாதிக்கப்படவில்லை என்றது அதிகாரபூர்வ அறிக்கை. அந்த அறிக்கைக்குப் பக்கத்திலேயே மறுபடியும் வெள்ளைப் பலகை! அதற்கு ரூட் பாஸ்வேர்ட் இல்லை, அதைப் பூட்டிவைத்துப் பணம் கேட்க முடியாது, தேய்ந்தால் புது மார்க்கர் போதும். நாட்டின் மிகப் பாதுகாப்பான சர்வர் அதுதான் என்று அறிவித்துவிடலாம்.

நம் விவரங்களைக் காக்கச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2024இல் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கங்களையும் கட்டுப்படுத்துகிறதாம். ஆனால் அவற்றின்மேல் குற்ற வழக்குப் போட முடியாதாம். என் விவரம் வெளியே போனால் மளிகைக் கடைக்காரனை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். பிறந்த தேதி முதல் கைரேகை வரை வைத்திருப்பவனை? அவனுக்குச் சட்டமே குடை பிடிக்கிறது.

மறுநாள் போனேன். அதே நாற்காலி, அதே தங்கச்சி. “இப்பத்தான் ரீஸ்டார்ட் பண்ணினாங்க அண்ணே, உட்காருங்க.”

“இது எத்தனாவது தடவைம்மா?”

திரும்பிப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். அவர் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.