பிரமிடும் பத்துமலையும்

பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களில் தன்முனைப்புப் பேச்சாளர்களுக்குப் பிடித்த படம் மனிதத் தேவைகளை அடுக்கிய ஒரு பிரமிடு. அடியில் சோறு, உச்சியில் சுயநிறைவு. உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் வெளியிட்ட கொள்கை. (பிரமிடை அவர் வரையவில்லை; அது பின்னால் வந்தவர்களின் கைங்கரியம்.) கீழ்த்தட்டு நிறைந்தால்தான் மேல்தட்டு கண்ணில் படுமாம்.

தைப்பூசத்தன்று பத்துமலைக்கு அந்தப் படத்தை எடுத்துப் போகாதீர்கள். விரதமிருந்த உடம்பு, கன்னத்தில் வேல், தோளில் காவடி, எதிரே 272 படி. உணவு, பாதுகாப்பு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஆள் நேரே உச்சிக்கு ஏறுகிறார். அவரையே மறுவாரம் கிள்ளான் அலுவலகத்தில் பாருங்கள்: லிஃப்ட் பழுதென்றால் இரண்டாம் மாடிக்கு ஏற மோட்டிவேஷன் வராது.

மாஸ்லோவும் விதிவிலக்குகளை ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் பேச்சு மதியம் ஒரு மணியைத் தாண்டட்டும், மண்டபமே அவர் கட்சிக்கு வந்துவிடும்: எல்லாக் கண்ணும் பின்வரிசை நாசி லெமாக் பொட்டலங்கள் மேல்.