மாப்பிள்ளை எடுக்கும் வெள்ளி டப்பா ஏஜென்சி

வாங்க மாப்ளே, உக்காருங்க. நானோ வெள்ளி போட்ட டிபன் டப்பாவுக்கு ஏஜென்சி எடுக்கப் போறீங்களாமே! நான் கெடேரி வித்த சேதி அதுக்குள்ள உங்க காதுக்கு எட்டிருச்சு போல. நல்லது. மாமனார்னு ஒருத்தன் இருந்தா யாவாரத்துக்கு நாலு யோசனை சொல்லணும்ல.

கடைக்கு வர்றவன் ‘வெள்ளி சோத்துல இறங்குமா’ன்னு கேட்டா, ஒரு பொட்டுகூட இறங்காதுன்னு சத்தியம் பண்ணுங்க. அடுத்தவன் ‘கிருமி சாகுமா’ன்னு கேட்டா, கூண்டோட காலின்னு அதே வாயால சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கடையில நிக்காம மட்டும் பாத்துக்கங்க. பிளாஸ்டிக்குல இருக்கிற வெள்ளி அயனியா கசிஞ்சு வெளிய வந்தாத்தான் கிருமி சாகும். வராத வெள்ளி உள்ளயே தூங்குது, அதுக்கு எதுக்கு மாப்ளே கூடுதல் விலை? ‘வருது, எவ்வளவுன்னு அளந்து வச்சிருக்கோம்’னு சொல்றவன் யோக்கியன். அவன் ஏஜென்சி உங்களுக்குக் கிடைக்காது.

‘புள்ளைக்கு வெள்ளிச் சங்குலதானே பால் ஊத்தினோம்’னு உங்க அத்தையை மடக்கிட்டீங்களாம். நல்ல பேச்சு, விட்றாதீங்க. ஒரு கிராம் வெள்ளியை 20 நானோமீட்டர் உருண்டைகளா ஆக்கினா மேற்பரப்பு ஏறக்குறைய 28 சதுர மீட்டர், அதாவது 300 சதுர அடி வரும்கிறதை மட்டும் மூச்சு விடாதீங்க. நம்ம கூடமே அவ்வளவு கிடையாது. புளிப்பு பட்டுக் கரைய அத்தனை இடம்!

சர்டிபிகேட்டை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டிருங்க. நம்ம நாட்டு விதிப்படி, பிளாஸ்டிக்குலருந்து எல்லாம் சேந்து கிலோ சாப்பாட்டுக்கு 60 மில்லிகிராம் வரைக்கும் இறங்கலாம். வெள்ளிக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட கோடு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். முதல் சோதனையில பாஸானதைக் காட்டி ரெண்டாவதைப் பத்திப் பேசாம இருக்கிறது, லாரி எடைமேடையில கடுகு நிறுத்த மாதிரி. யாரும் கண்டுபிடிக்க மாட்டான்.

உங்க கொழுந்தியா மட்டும் பிடிச்சிருவா. அவ லேப்புல வேலை பாக்குறவ. புளிக்குழம்புக்குப் பதிலா 3 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊத்தி, 40 டிகிரியில 10 நாள் வைப்பாங்களாம். சோறே இல்லாம சோத்துக்குச் சோதனை, கேக்கச் சிரிப்பா இருந்துச்சு எனக்கு. தினம் புழங்குற டப்பான்னா ஐரோப்பாவுல புதுசு புதுசா ஊத்தி மூணு தடவை பாக்கணும், ஒரு தடவைக்கு ஒரு தடவை கசிவு கூடக் கூடாது. இன்னொரு வில்லங்கமும் சொன்னா. துகளா வந்தது கரைஞ்சிருமாம், கரைஞ்சது சில நேரம் மறுபடி துகளாயிருமாம். அளக்கிறவனுக்கே தலை சுத்தும். நீங்க ஏன் மாப்ளே கேட்டுச் சங்கடப்படணும்?

வெள்ளி விஷம்னு நான் சொல்லலை. அதே ஆணையம் 2021ல நானோ வெள்ளியை ஆராஞ்சு, பிளாஸ்டிக்குல 0.025 சதவீதம் வரைக்கும், அதுவும் தண்ணி பட்டு ஊதாத ரகத்துல, கவலை இல்லைன்னுருச்சு. உங்க டப்பாவுல எத்தனை சதவீதம்? கம்பெனிக்காரன் சொல்லலையா? சொல்ல மாட்டான், தொழில் ரகசியம்.

அமெரிக்காக்காரனுக்குத்தான் விவரம் பத்தாது. நியூஜெர்சி கம்பெனி ஒண்ணு நானோ வெள்ளி டப்பா வித்துச்சு. பூஞ்சையும் பாக்டீரியாவும் அண்டாதுன்னு விளம்பரம். 2014 மார்ச்சுல அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டுருச்சு. கிருமி கொல்லும்னு சொல்லி விக்கிறது அங்க பூச்சிக்கொல்லிக் கணக்குல சேருமாம். சோதனை விவரம் குடுத்துப் பதிவு பண்ணாம விக்க முடியாது.

எதுக்கும் போர்டு எழுதுறதுக்கு முந்தி, நம்ம உரக்கடைக்காரர்கிட்ட மருந்து லைசென்சுக்கு என்ன செலவாகும்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க மாப்ளே.