வேனுக்குள் ஒரு கண்மாய்

கேள்வி: பழைய ஆம்னி வேனில் படுக்கை போட்டு, நூறு ஆம்பியர் ஹவர் பேட்டரி வைத்துக்கொண்டு மேகமலைப் பக்கம் தங்கப் போனோம். இரண்டாம் நாள் ராத்திரியே பேட்டரி படுத்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், செல்லூர்)

பதில்: செல்லூர்க்காரருக்குக் கண்மாய்க் கணக்கில் சொன்னால்தான் பிடிபடும். பேட்டரி கண்மாய், சோலார் தகடு வரத்துக்கால், ஃபிரிட்ஜும் ஃபேனும் மடை. 12 வோல்ட்டை நூறால் பெருக்கினால் 1,200 வாட் ஹவர். ஆனால், இன்வெர்ட்டருக்கு வைக்கிற லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுசு குறையும். ஆக, உங்கள் கையில் இருந்தது 600. நாற்பத்தைந்து வாட் குட்டி ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளில் 540ஐக் குடித்துவிடும். மிச்சத்தில் 25 வாட் ஃபேன் இரண்டரை மணி நேரம்கூடச் சுற்றாது. இரண்டாம் நாள்வரை தாக்குப்பிடித்ததற்குக் கடைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த தடவை ஒரு மல்டிமீட்டர் கொண்டு போங்கள். எதையும் ஓட்டாமல் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் 12.7 வோல்ட் காட்டினால், அது நிறைகண்மாய். 12.2க்கு வந்தால் மடையை அடைத்துவிடுங்கள். அதற்கும் கீழே இறக்கி அப்படியே போட்டுவைத்தால் தட்டுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு வரத்து வந்தாலும் கண்மாய் பழைய அளவு பிடிக்காது.

கேள்வி: மதுரை வெயிலுக்கு நூறு வாட் தகடு நூற்றைம்பது கொடுக்குமே? (வாசகர், கோரிப்பாளையம்)

பதில்: தகடு கேட்பது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் தெம்பு ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். சித்திரை மத்தியானம் வேன் கூரையில் தகடு 65 டிகிரிக்குக் கொதித்தால் நூறில் பதினாறு போச்சு. கூரைக்கும் தகட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள், காற்று ஓடட்டும். வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, நீளமான வயரில் தகட்டை வெயிலில் வையுங்கள். தகட்டின் மூலையில் ஒரு கிளையின் நிழல் விழுந்தால்கூட வரத்து பாதியாகலாம். உள்ளே செல்கள் சங்கிலியாகக் கோத்தவை.

கேள்வி: லித்தியம் வாங்கலாமா? (வாசகி, அண்ணாநகர்)

பதில்: காசு இருந்தால் வாங்குங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் எண்பது சதவீதம்வரை தாராளமாக இறைக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால், 45 டிகிரிக்கு மேல் அதைச் சார்ஜ் போடக் கூடாது. கண்ணாடி ஏற்றிவிட்ட வேன் நம் ஊரில் அதைத் தாண்டிவிடும். பேட்டரி உட்பட மின்வேதியியலை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட சிக்ரி நிலையம் பக்கத்துக் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது. கல்யாண வீட்டில் எல்லாரும் மொய்ப்பணம் பேசும்போது நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: இன்ஜினை ஓடவிட்டே சார்ஜ் ஏற்றினால்? (வாசகர், ஆரப்பாளையம்)

பதில்: ஏறும், சொட்டுச் சொட்டாக. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் முழு வேகம் எடுக்காது. புகையும் வேனுக்குள் வரும். ஊர்விட்டு ஊர் போகும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை மட்டும் ஃபேனோடு சேர்க்காதீர்கள்; ஒருமுறை சேர்த்துவிட்டு, விடியக் காலையில் மாமனாரையே வண்டி தள்ளவைத்தவன் நான்.

கேள்வி: செல்லூர் என்றதும் தெர்மாகோல் நினைவு வரவில்லையா? (வாசகர், தல்லாகுளம்)

பதில்: வராமலா? 2017 ஏப்ரலில் அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு, தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோலை மிதக்கவிட்டார், காற்று கரைக்குத் தள்ளிவிட்டது. பாவம், அதற்கு இடம் அணை இல்லை, உங்கள் வேன். இரண்டு நாள் பயணத்துக்கு ஃபிரிட்ஜை வீட்டில் விட்டுவிட்டு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுப் போங்கள். அந்த 540 மிச்சம். ஃபேன் விடிய விடியச் சுற்றும்.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க எங்கள் தாத்தா மாட்டுவண்டி கட்டி வந்து வைகைக் கரையில் தங்குவார். அவருக்கு ஏது பேட்டரி? (வாசகர், அலங்காநல்லூர்)

பதில்: நுகத்தடியில் இரண்டு பூட்டியிருந்தாரே! வைக்கோலும் பருத்திக்கொட்டையும் வைத்தால் சார்ஜ் ஏறும், நிழலில் கட்டினாலும் ஏறும். ஓவர்சார்ஜ் ஆனால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.