விளவங்கோட்டுக்கு ஒரு காற்புள்ளி வேண்டி மனு

பெறுநர்:
செயலர் அவர்கள், சட்டமியற்றும் துறை, சட்டம் மற்றும் நீதி அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: மாநிலச் சீரமைப்புச் சட்டம் 1956, பிரிவு 4 – காற்புள்ளி விடுபட்டமை – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

மகா கனம் பொருந்திய ஐயா,

1956 நவம்பர் 1 அன்று எங்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்து மதராஸ் மாநிலத்தோடு சேர்த்தீர்கள். நன்றி. (தேவிகுளம், பீருமேடு, நெய்யாற்றின்கரை எல்லாம் கேட்டோம், தரவில்லை. அதைக் கிளறுவதற்கு இந்த மனு இல்லை.) சேர்த்த வாக்கியத்தில்தான் சங்கடம். 'அகஸ்தீஸ்வரம், தோவாளா, கல்குளம் அண்டு விளவங்கோடு' என்று நாலு தாலுகாவை அடுக்கியிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு காற்புள்ளி. கல்குளத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை.

இத்தனை வருஷமாக இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மார்த்தாண்டம் பக்கம் டியூஷன் எடுக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் கண்ணில் பட்டுத் தொலைத்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். கல்குளத்தின் காலடியில் சிவப்பு மையில் ஒரு கொக்கியைப் போட்டு, அரை மார்க்கை வெட்டி, ஓரத்தில் 'கேர்லெஸ்' என்றும் எழுதிவிட்டார். "இது பார்லிமென்ட்டுல எழுதுனது சார்" என்றிருக்கிறாள். "எவன் எழுதுனா என்ன பிள்ளே? தப்பு தப்புதான்."

நான் நேரில் போய்க் கேட்டேன். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கதையை எடுத்துவிட்டார். ஓவர்டைம் சட்டத்தில் இதே இடத்தில் காற்புள்ளி இல்லாததால் பால் கம்பெனி லாரி டிரைவர்கள் 2017இல் அப்பீலில் ஜெயித்தார்களாம். மறுவருஷம் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசியதாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தார் இந்தக் கடைசிக் காற்புள்ளியை விடாமல் போடுவார்கள், பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் பெரும்பாலும் போடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். அதைச் சொன்னேன். "ஆன்சர் கீயில உண்டா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் என்ன பேச?

அவர் சொல்வதுதான் சரியென்றால், கல்குளமும் நாங்களும் கூட்டுக்குடும்பம். அப்படியானால் கல்குளத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் எங்கள் பங்கு எங்கே? அதைக் கேரள அரசல்லவா வைத்திருக்கிறது! இப்போது எங்கள் மாவட்டத்தில் கிள்ளியூரும் திருவட்டாறும் சேர்ந்து ஆறு தாலுகா. காற்புள்ளி அனுப்புவதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புங்கள்.

வாத்தியார் அடுத்து அரசியலமைப்பின் முகப்புரைக்குப் போய்விட்டார். சாவரின், சோஷலிஸ்ட், செக்யுலர், டெமாக்ரடிக் என்று நான் இங்கே காற்புள்ளியோடு எழுதுகிறேன். அங்கே ஒன்றுகூடக் கிடையாது. 1976இல் நடுவில் இரண்டு சொல்லைச் செருகியவர்களும் வெறுங்கையோடுதான் வந்திருக்கிறார்கள். அம்பேத்கர் முதல் இந்திரா காந்தி வரை அரை மார்க் அரை மார்க்காக வெட்டிக்கொண்டே வருகிறார், ஐயா. தடுக்க ஆளில்லை.

சரி, உச்ச நீதிமன்றத்தைக் கேட்போம் என்றால் அங்கேயும் தெளிவில்லை. சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தற்குறி சின்ன விஷயம்தான் என்ற கருத்து 1952இல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் வந்தது. 1979இல் அச்சான முகமது ஷபீர் வழக்கிலோ, மருந்துச் சட்டத்தில் 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பிறகு காற்புள்ளி இல்லை, ஆகவே 'விற்பனைக்காக' என்பது அதையும் சேர்த்தே பிடிக்கும், மருந்து கைவசம் இருந்தது மட்டும் அந்தப் பிரிவில் குற்றமாகாது என்றார்கள். இல்லாத காற்புள்ளி ஒரு மனிதனுக்குக் கைகொடுத்திருக்கிறது. என் பேத்திக்கு அரை மார்க் போனதுதான் மிச்சம்.

கனடாவில் இப்படித்தான் டெலிபோன் கம்பங்களுக்கான ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி தகராறு செய்தது. 2006இல் அதை வைத்து ஒரு தீர்ப்பு. 2007இல் பிரெஞ்சுப் பிரதியைப் புரட்டிப் பார்த்து அதையே மாற்றினார்கள். எங்களிடமும் ஒரு பிரதி உண்டு: அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும். தமிழில் எழுதியிருந்தால் ஒரு காற்புள்ளி செலவில்லை.

ஆகவே, ஒன்று சட்டத்தைத் திருத்துங்கள். இல்லையென்றால் நாடாளுமன்றம் எழுதியதற்கு மார்க் குறைக்கக் கூடாது என்று வாத்தியாருக்கு ஓர் உத்தரவு போடுங்கள். உத்தரவு ஆங்கிலத்தில் வேண்டாம். அதையும் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
விளவங்கோடு தாலுகாக்காரன்

இணைப்பு: நோட்டுப் பக்கத்தின் நகல் 1, காற்புள்ளி 1 (தங்கள் உபயோகத்துக்கு).