கொஞ்சம் மங்கலா வேணும்

எங்கள் திருவொற்றியூரில் புல்லட் என்றால் ஓட்டுவது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா வந்த காலத்திலிருந்து அப்படித்தான். சுடுகிற சமாச்சாரத்தில் எனக்குள்ள அனுபவம், மாசித் திருவிழாவில் தேரடிப் பக்கம் முளைக்கும் பலூன் கடையோடு சரி. சின்ன வயதில் பத்து குண்டுக்குப் பத்து பலூன் உடைத்தவன் நான். சரி, எட்டு.

ஐம்பத்துநாலு வயதில் மறுபடி முயன்றபோது பத்தும் படுதாவில் போய்ப் புதைந்தன. "துப்பாக்கி கோணல்" என்றேன்.

"துப்பாக்கி கரீட்டா கீது சார். உன் கண்ணப் பாரு" என்றார் கடைக்காரர். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

மகள் தன் பங்குக்குச் செல்போனை நீட்டினாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக். துருக்கியின் யூசுஃப் டிகெச். மற்றவர்கள் வண்டிக்குதிரை மாதிரிக் கண்ணுக்குத் தட்டி கட்டியிருக்க, இவர் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கலப்பு இரட்டையர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கியிருந்தார். "அவருக்கும் 51 வயசுப்பா." நான் விடுவேனா? சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920-ல் தம் 72-வது வயதில் வெள்ளி வாங்கியதைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். எனக்கு இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கிறது.

கோளாறு இதுதான். கண்ணுக்குப் பக்கத்தில் குறிபார்க்க உதவும் பின் சைட், குழல் நுனியில் முன் சைட், தூரத்தில் பலூன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கண் தெளிவாகப் பிடிக்கும். வாலிபத்தில் கண்ணின் லென்ஸ், கூட்ட நேரத்து பஸ் கண்டக்டர் மாதிரி மூன்றுக்கும் ஓடி ஓடிச் சமாளிக்கும். நாற்பதைத் தாண்டினால் இறுகிப்போய் சீட்டில் உட்கார்ந்துவிடும். அப்போது எதைத் தெளிவாக வைத்துக்கொள்வது? முன் சைட்டைத்தான் என்கிறார்கள். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான். முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே குண்டு பொத்தானைத் தாண்டிப் போய்விடும். இலக்கு மங்கலாக இருந்தால் பாதகமில்லை. "பறவையின் தலை மட்டும் தெரிகிறது" என்ற அர்ச்சுனனைத் துரோணர் மெச்சினார். பிஸ்டல் கோச்சாக இருந்தால் குட்டியிருப்பார்.

என் கண்ணாடியில் மேல்பாதி 56-ம் நம்பர் பஸ்ஸுக்கு, கீழ்ப்பாதி ஒன்றரை அடியிலுள்ள தினத்தந்திக்கு. முன் சைட்டோ மூன்றடியில். கீழ்ப்பாதி வழியாக அதைப் பார்க்க, அந்தக் காலத்தில் எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்ததுபோல் மூக்கைத் தூக்க வேண்டும்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். துப்பாக்கியோடு போகமுடியாதே. குடையை வலத் தோளில் அணைத்து, இடக் கண்ணை மூடி, எழுத்துப் பலகையைக் குறிவைத்தேன். காத்திருந்த அம்மா ஒருவர் பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுத்து தெரியுதா சார்?" என்றார் பரிசோதித்த தம்பி.

"ரொம்பத் தெளிவா இருக்கு. கொஞ்சம் மங்கலா வேணும்."

தம்பி லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். இருபது நிமிஷம் விளக்கினேன். குடைக்கம்பி முனை கூர்மையாகவும் பலகை லேசாகக் கலங்கியும் தெரிந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். படிக்க எனக்கு இரண்டேகால் பவர் கூட்ட வேண்டும். இதற்கு முக்கால் போதுமாம். அளவைக் குறித்துக்கொண்டவர் நிம்மதியாகச் சொன்னார்: "கம்ப்யூட்டர் கண்ணாடின்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே சார்."

கண்ணாடி கைக்கு வந்த அன்று கோயிலில் மகிழடி சேவை. சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணையும் இழந்தார். இடது கண் காஞ்சிபுரத்தில் திரும்பக் கிடைத்தது, வலது கண் திருவாரூரில். துப்பாக்கி சுடுகிறவராக இருந்தால் காஞ்சியோடு திரும்பியிருக்கலாம், இடது கைக்காரராக இருக்கும் பட்சத்தில்.

பலூன் கடையில் முன் சைட் கொடிமரம் மாதிரித் துலங்கியது. பலூன்கள் கேட்டபடியே கலங்கின. மூச்சை அடக்கிச் சுட்டேன். படுதா. மறுபடி படுதா.

கடைக்காரர் என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். "அட, முனை பளிச்சுனு கீது!" என்று நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார். படுதா. துப்பாக்கியைத் திருப்பிக் குழலை ஒருமுறை நீளவாக்கில் பார்த்தார்.

"நீ சொன்னது கரீட்டு சார். கொஞ்சம் கோணலாத்தான் கீது."